முகத்தின் சாட்சியம்

சென்ற வருஷம் திருச்சியில் ஒரு கவிஞருக்கு இரங்கல் கூட்டம் நடந்தது. பெயர் வேண்டாம், இதைப் படிக்கிறவர்களில் சிலர் அங்கே இருந்திருப்பார்கள். மேடையில் அவருடைய இரண்டு புகைப்படங்களைப் பெரிது பண்ணி வைத்திருந்தார்கள். ஒன்று முதல் தொகுப்பு வந்த சமயத்தில் எடுத்தது. 26 வயது. ஒல்லியான கழுத்து, எதையோ மறுத்துச் சொல்லத் தயாராக இருக்கிற வாய். மற்றது கடைசி வருஷத்தது. கன்னம் சரிந்து, கண்ணுக்குக் கீழே பை தொங்கி, கண்ணின் வெள்ளை பழுப்பேறி, 54 வயதுக்காரர் 70 வயதுக்காரராக இருந்தார். பேசிய ஐந்து பேரில் மூன்று பேர் இந்த இரண்டாவது முகத்தைப் பற்றியே பேசினார்கள். வாழ்க்கையைத் தன் முகத்திலேயே எழுதிக்கொண்டவர் என்றார் ஒருவர். நம் காலத்தின் சிதைவு முழுக்க அந்த முகத்தில் படிந்திருக்கிறது என்றார் இன்னொருவர். குடி என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. கூட்டம் முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜில் அறை எடுத்து நாங்கள் ஏழு பேர் அவர் நினைவாகக் குடித்தோம். நானும் பேசினேன், மேடையில் அல்ல, லாட்ஜில். அந்த முகம் ஒரு பிரதி என்று சொன்னதாக ஞாபகம். யாரோ கைதட்டினார்கள்.

அப்படிச் சொன்னது இத்தனை மாதமாக உறுத்திக்கொண்டிருக்கிறது. முகம் எதற்குச் சாட்சி, எவ்வளவு தூரம் சாட்சி என்பது எனக்கு இலக்கியக் கேள்வி மட்டும் இல்லை. வயிற்றுப்பாட்டுக்கு நான் செய்கிற காரியத்தில் கணிசமான பகுதி முகம் பார்ப்பது. கவுண்டருக்கு வருகிறவரின் முகத்தை, கணினித் திரையில் இருக்கிற அவருடைய பழைய புகைப்படத்தோடும், கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடும் ஒப்பிட வேண்டும். பதிமூன்று வருஷமாக இதைச் செய்கிறவன் ஒரு விஷயத்தைக் கற்றுக்கொள்கிறான். மனிதர்களுக்கு வயதாவது ஒரே சீராக நடப்பதில்லை. பத்து வருஷம் ஒன்றும் நடக்காது. அப்புறம் ஒரு வருஷத்தில் எல்லாம் நடந்துவிடும்.

குடியைப் பொறுத்தவரை முகத்தைவிடக் கையே உண்மை பேசுகிறது. மாதத்தின் முதல் வாரம் ஒரு பெரியவர் பணம் எடுக்க வருவார். ஓய்வுபெற்ற ஆசிரியர். மழுங்கச் சிரைத்த முகம், நெற்றியில் மூன்று பட்டை விபூதி, கஞ்சி போட்ட வேட்டி. காலை 10.30-க்கு அவர் போடுகிற கையெழுத்து பொருந்தாது. கோடு கோழி கிளறிய மாதிரி இருக்கும். 'கொஞ்சம் உட்கார்ந்து நிதானமாப் போடுங்க சார்' என்பேன். 'அப்புறமா வரேன் தம்பி' என்று எழுந்து போவார். டாஸ்மாக் கடை 12 மணிக்குத் திறக்கும். 12.45-க்குத் திரும்பி வந்து போடுகிற கையெழுத்து 1994-இல் கணக்குத் தொடங்கியபோது போட்ட மாதிரிக் கையெழுத்தின் அச்சு. பல வருஷம் குடித்துப் பழகிய நரம்புக்கு மது இறங்கியதும் நடுக்கம் வரும், ஏறியதும் நிற்கும்; அவ்வளவுதான் அதன் ரகசியம். ஆனால் அந்த முகத்தை எந்த இரங்கல் கூட்டத்திலும் யாரும் சிதைந்த முகம் என்று சொல்ல முடியாது.

இதற்கு நேர் எதிர், எங்கள் கிளையில் முன்பு இருந்த தலைமைக் காசாளர். அவருடைய மூக்கு வீங்கிப் பருத்து, சீத்தாப்பழத் தோல் மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும். ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை. 'சாருக்கு ராத்திரி கொஞ்சம் ஓவரோ' என்று வாடிக்கையாளர்கள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். அவர் பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போகிற வழியில் தெருவில் இரண்டு வீட்டில் விசாரித்துவிட்டுப் போனார்கள் என்பதைச் சொன்னபோது மட்டும் சிரிக்கவில்லை. சட்டைப் பையில் தோல் மருத்துவரின் சீட்டு ஒன்றை மடித்து வைத்திருந்தார். ரைனோஃபைமா என்று அதில் எழுதியிருந்தது. ரோசேசியா என்கிற தோல் வியாதியின் முற்றிய நிலை அது. குடி அந்த வியாதியின் சிவப்பைக் கிளறிவிடும் என்பது வாஸ்தவம். குடியே தொடாதவனுக்கும் அது வரும் என்பதும் வாஸ்தவம். இரண்டாவது வாஸ்தவத்தைச் சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த மூக்கை நான் முதலில் பார்த்தது வங்கியில் அல்ல. சென்னையில் ஒரு நூலகத்தில் பெரிய ஓவியப் புத்தகம் ஒன்றைப் புரட்டும்போது பார்த்தேன். கிர்லாந்தாயோ என்கிற ஃப்ளாரன்ஸ் ஓவியர் 1490-ஐ ஒட்டி வரைந்தது, இப்போது பாரீஸ் லூவ்ரில் இருக்கிறது. சிவப்பு அங்கி போட்ட ஒரு கிழவர், மூக்கு முழுக்க முண்டு முண்டாக. மார்போடு ஒரு சின்னப் பையன், பேரன் என்று சொல்கிறார்கள், அண்ணாந்து அந்த முகத்தைப் பார்க்கிறான். அந்தக் கிழவர் குடித்தாரா இல்லையா என்ற கேள்வி படத்தைப் பார்க்கிறபோது எழுவதில்லை. பையன் பார்க்கிற பார்வை அந்தக் கேள்விக்கு இடம் வைக்காமல் அடைத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு அது அப்போது புலப்படவில்லை. மூக்கைத்தான் பார்த்தேன்.

மூக்கைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தது பி.ஏ. ஆங்கில வகுப்பு. ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றியில் பர்டால்ஃப் என்று ஒருவன், ஃபால்ஸ்டாஃபின் கூட்டாளி. அவனுடைய மூக்கின் சிவப்பை வைத்து ஃபால்ஸ்டாஃப் செய்கிற பரிகாசத்துக்கு முடிவே கிடையாது. இருட்டில் விளக்குச் செலவு மிச்சம் என்கிற அளவுக்குப் போகும். ஹோகார்த் 1751-இல் செதுக்கி அச்சிட்ட 'ஜின் சந்து' இன்னொன்று. படியில் உட்கார்ந்திருக்கிற தாயின் கையிலிருந்து குழந்தை நழுவி விழுகிறது, அவள் முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு. அதே வருஷம் இங்கிலாந்தில் ஜின் விற்பனையைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்குச் சாதகமாகச் செய்த படம். பிரசாரப் படம் என்பதை யாரும் வகுப்பில் சொல்லவில்லை. குடித்தால் முகம் சிவக்கும், உப்பும், கடைசியில் மனிதனுடையதாக இராது என்பது எங்களுக்குக் கிடைத்த பாடம். ஊருக்குத் திரும்பி எங்கள் தெருவில் குடிக்கிறவர்களைப் பார்த்தால் ஒருவருக்கும் மூக்குச் சிவக்கவில்லை. மது தோலுக்கு அடியில் இருக்கிற நுண்ணிய ரத்தக்குழாய்களை விரிக்கிறது. பல வருஷம் விரிந்து விரிந்து சில குழாய்கள் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. வெள்ளைத் தோலில் அது தெரிகிறது. எங்கள் தோலில் கறுப்பு அதை மூடிவிடுகிறது. இறக்குமதியான படிமங்களை வைத்துக்கொண்டு நம் அனுபவத்தைத் தேடினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் எனக்கு வேறு கிடைத்ததில்லை. என் அப்பாவை நான் படிக்கத் தவறியதற்கு இது ஒரு காரணம்.

அப்பா பொதுப்பணித் துறையில் வரைவாளர். 1958-இல் பிறந்தார். அழகான மனிதர் என்று சொல்ல மகனுக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஊரே சொல்லும். அடர்த்தியான முடியை எண்ணெய் வைத்து வகிடெடுத்து வாரியிருப்பார். குட்டிகூரா பவுடர். இஸ்திரி போட்ட அரைக்கை வெள்ளைச் சட்டை. ஆபீஸ் நேரத்தில் தொடமாட்டார். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஆரம்பித்துப் பத்து, பத்தரைக்கு டி.வி.எஸ். 50-இல் வீட்டுக்கு வருவார். அடித்ததில்லை, கத்தியதில்லை. சாப்பிடாமல் படுத்துவிடுவார். அல்லது வழியில் எங்கேயாவது விழுந்து கிடப்பார், யாராவது கொண்டுவந்து விடுவார்கள். காலையில் குளித்துப் பவுடர் போட்டுக்கொண்டு கிளம்பினால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகமே வராது. மதுவிலக்கு இருந்த காலத்தில் தாத்தா தலைமுறை ஒளிந்து குடித்தது. 1971-இல் விலக்கு தளர்ந்து, மறுபடி இறுகி, மறுபடி தளர்ந்து, 1983-இல் டாஸ்மாக் வந்தது. 2003 நவம்பரிலிருந்து சில்லறைக் கடையையும் அரசே எடுத்துக்கொண்டது. இந்த மாறுதல்கள் எதுவும் அப்பாவின் நேரத்தை மாற்றவில்லை. கடையின் பெயர்ப்பலகையைத்தான் மாற்றின.

48, 50 வயதில் அப்பாவுக்குக் கன்னம் நிறைந்தது. அதுவரை கொஞ்சம் ஒட்டிய கன்னம்தான். காதுக்கு முன்னால், தாடைக்கு மேலே, இரண்டு பக்கமும் சதை போட்டது போல வந்தது. 'இப்பத்தான் ஆளு நல்லாயிருக்காரு' என்றார் எதிர்வீட்டுக்காரர். அம்மாவுக்கும் சந்தோஷம். உள்ளங்கை செக்கச் செவேலென்று ஆனது. உள்ளங்கை சிவந்தால் கையில் காசு நிற்கும் என்று அம்மா வீட்டில் ஒரு நம்பிக்கை. தலைமுடி ஒன்றுகூடக் கொட்டவில்லை. 55 வயதில் அவ்வளவு முடி எங்கள் தெருவில் யாருக்கும் இல்லை. முகத்தில் களை குறையவில்லை என்றார்கள்.

இந்தக் 'களை' என்கிற சொல் விசித்திரமானது. நிறம் இல்லை, அழகு இல்லை, ஆரோக்கியமும் இல்லை. மூன்றும் சேர்ந்து மேலே ஏதோ ஒன்று. செத்தவர் முகத்திலும் களை இருந்தது என்று நம்மால் சொல்ல முடிகிறது. ஆக இது பார்க்கப்படுகிறவரிடம் இருக்கிற குணமா, பார்க்கிறவர் கொண்டுவந்து வைக்கிற சமாதானமா என்று எனக்குச் சந்தேகம். அப்பா விஷயத்தில் பிந்தியது.

2015-இல் ஒரு நாள் காலை கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. கால் வீங்கியிருந்தது. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் ஒரு பேராசிரியர் ஏழெட்டு மாணவர்களோடு வார்டுக்கு வந்தார். அப்பாவின் கட்டிலைச் சுற்றி நிற்கவைத்துப் பத்து நிமிஷம் பாடம் நடத்தினார். நான் கேட்ட மிகச் சிறந்த விமர்சன உரை அதுதான் என்று சொன்னால் மிகையாகப் படும். உள்ளங்கையைத் திருப்பினார். கட்டைவிரல் மேடும் சுண்டுவிரல் மேடும் சிவந்து நடு உள்ளங்கை வெளுத்திருப்பதைக் காட்டினார். கறுத்த தோலில் மற்ற இடத்தில் சிவப்பைத் தேடிப் பிரயோஜனமில்லை, உள்ளங்கையைப் பாருங்கள் என்றார். கன்னத்தில் விரலை வைத்து, இது கொழுப்பு அல்ல, உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கியிருக்கிறது, வலிக்காது, அதனால் நோயாளி கவனிக்கமாட்டார் என்றார். சட்டைப் பொத்தானைக் கழற்றி மார்பின் மேல்பாகத்தில் ஒரு சின்னப் புள்ளியை, அதிலிருந்து சிலந்திக் கால் மாதிரிப் பிரிகிற குழாய்களை, டார்ச் அடித்துக் காட்டினார். அழுத்தினால் மறைந்தது, விட்டால் நடுவிலிருந்து மறுபடி நிறைந்தது. ஆண் உடம்பிலும் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது. அதைக் கழிக்க வேண்டிய ஈரல் கழிக்காததால் அது தேங்கி இந்தக் குழாய்களை விரிக்கிறது. அதனாலேயே மார்பு முடியும் அக்குள் முடியும் உதிர்கின்றன என்றார். ஒரு மாணவி தலைமுடியைக் காட்டி ஏதோ கேட்டாள். அது தங்கும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்றார்.

கன்னம், உள்ளங்கை, முடி. நாங்கள் நல்லது என்று படித்த மூன்றையும் அவர் திருப்பிப் படித்தார். குரலில் கண்டனம் கிடையாது, இரக்கமும் கிடையாது. குடிகாரன் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இருப்பதைப் பார்த்தார், இல்லாததைப் பார்க்கவில்லை. லாட்ஜ் அறையில் ஒரு முகத்தைப் பிரதி என்று சொன்னவனுக்கு, பிரதியை வாசிப்பது என்றால் என்ன என்பது ஒன்பது வருஷத்துக்கு முன்பே காட்டப்பட்டிருந்தது.

ஆனால் அவரும் ஒன்றைப் பார்க்கவில்லை. அது அவருடைய வேலை இல்லை. கட்டிலின் தலைமாட்டில், சுவரோடு ஒட்டி, கையில் ஃப்ளாஸ்க்குடன் அம்மா நின்றுகொண்டிருந்தாள். மாணவர்கள் இடத்துக்காக நகர்ந்தபோது அவளும் நகர்ந்து கொடுத்தாள்.

அன்று மத்தியானம் ஒரு நர்ஸ் கேஸ் ஷீட்டில் ஏதோ நிரப்ப வந்தாள். நல்ல பெண். அம்மாவைப் பார்த்து, 'நீங்க அவருக்கு அக்காவாம்மா?' என்று கேட்டாள்.

அம்மா 'ஆமா' என்றாள்.

நர்ஸ் எழுதிக்கொண்டு போய்விட்டாள். உடன் இருப்பவர், சகோதரி. ஆவணத்தில் ஒரு எழுத்து பிசகினால் மனுவைத் திருப்பி அனுப்புகிற நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். திருத்தச் சொல்லவில்லை. அப்பாவுக்கு அப்போது 57, அம்மாவுக்கு 52. ஏன் ஆமா என்றாய் என்று நான் அன்றும் கேட்கவில்லை, அப்பா மறுவருஷம் இறந்த பிறகும் கேட்கவில்லை.

அன்று ராத்திரி, ட்யூப் லைட் வெளிச்சத்தில், அம்மாவின் முகத்தை முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். முன்நெற்றியில் முடி போய்விட்டிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு, கறுப்புக்குக் கீழே ஒரு பள்ளம். இரண்டு புருவத்துக்கும் நடுவே செங்குத்தாக இரண்டு கோடு, கத்தியால் கீறின மாதிரி. அந்தக் கோடு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல், ஒவ்வொரு ராத்திரியும், ஒன்பதரையிலிருந்து டி.வி.எஸ். 50-இன் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். தெருமுனையில் வண்டி வந்தால் அது நம் வண்டியா, ஓட்டுகிறவர் நிதானத்தில் இருக்கிறாரா என்று எஞ்சின் சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். கவனித்துக் கேட்கிறபோது புருவத்தைச் சுருக்குவது அவள் வழக்கம். பாத்திரம் தேய்த்துக்கொண்டே, எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே சுருக்குவாள். கேட்டுக் கேட்டு விழுந்த கோடு.

திருக்குறளில் கள்ளுண்ணாமை 93-ஆவது அதிகாரம். குடித்தவனின் கண் சாய்வது ஏழாவது குறளில் வருகிறது. முகம் வருவது மூன்றாவது குறளில். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் பண்ணியபோது அது குடிகாரன் முகத்தைப் பற்றியது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பல வருஷம் கழித்துப் பார்த்தால், அங்கே வருவது பெற்ற தாயின் முகமும் சான்றோரின் முகமும். குடித்த களிப்போடு யார் எதிரில் போய் நிற்கிறான் என்பதுதான் கேள்வி. வள்ளுவர் அங்கே மனைவியைச் சொல்லவில்லை. தாயையும் சான்றோரையும் சொன்னதோடு விட்டுவிட்டார். அது அவர் காலத்தின் எல்லையாக இருக்கலாம். இருந்தாலும் முகத்தை எங்கே தேட வேண்டும் என்று அவர் காட்டிய திசை, ஹோகார்த் காட்டியதைவிட எனக்குச் சரியாகப் படுகிறது.

விஞ்ஞானம் இந்தத் திசையில் போவதில்லை, போக வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. கோபன்ஹேகனில் 1976-இல் தொடங்கிய ஒரு இருதய ஆய்வு, 11,000-க்கும் மேற்பட்டவர்களைப் பல வருஷம் தொடர்ந்து பரிசோதித்தது. அதை வைத்து 2017-இல் வெளிவந்த கட்டுரையில் வயதின் வெளித்தோற்ற அடையாளங்களாக நான்கை எடுத்துக்கொள்கிறார்கள். விழியின் கருவட்டத்தைச் சுற்றி வருகிற சாம்பல் வளையம், காதுமடலில் விழுகிற கோடு, இமையில் படிகிற மஞ்சள் திட்டு, ஆண்களின் வழுக்கை. மிகுதியாகக் குடிக்கிறவர்களுக்கும் புகைக்கிறவர்களுக்கும் இவை அதிகம். வழுக்கைக்கு மட்டும் குடியோடு சம்பந்தம் தென்படவில்லை. அளவாகக் குடிக்கிறவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. (இந்தக் கடைசி வாக்கியத்தை நான் இரண்டு முறை படித்தேன். பிறகு எழுந்துபோய்க் கண்ணாடியில் காதுமடலைப் பார்த்தேன்.) எங்கள் வீட்டில் வந்து அளந்திருந்தால், அம்மாவின் முகம் 'குடிக்காதவர்' என்ற பத்தியில் போய் விழுந்திருக்கும். கணக்கு தப்பில்லை.

இரங்கல் கூட்டத்துக்குத் திரும்புகிறேன். குடித்துச் சிதைந்த முகத்தின் மேல் சிறுபத்திரிகைக்காரர்களுக்கு ஒரு மோகம் இருப்பது உண்மை. டிலன் தாமஸின் இருபத்துச் சொச்சம் வயது முகத்தை அகஸ்டஸ் ஜான் வரைந்திருக்கிறார், சுருட்டை முடியும் உருண்டைக் கண்ணுமாகத் தேவகுமாரன் மாதிரி. 1953 நவம்பரில் நியூயார்க்கில் சாகிறபோது 39 வயது. கடைசிக் காலப் புகைப்படங்களில் அந்தத் தேவகுமாரன் ஊதிப் போய்விட்டான். இந்த இரண்டு படத்தையும் அடுத்தடுத்து வைத்து ஒரு காவியச் சோகத்தைக் காண்பது என் இருபது வயதின் பொழுதுபோக்குகளில் ஒன்று. முகம் கெட்டால் கவிதை உண்மையாகிவிடும் என்று ஒரு ரகசிய வாய்ப்பாடு எங்களிடம் இருந்தது. அந்த வாய்ப்பாடு ஆண்களுக்கு மட்டும். ஒரு பெண் எழுத்தாளர் குடித்து முகம் கெட்டுப் போயிருந்தால் அந்த மேடையில் காலத்தின் சிதைவு என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். வேறு வார்த்தை வைத்திருக்கிறோம்.

மார்கெரித் துராஸ் ஒருவர் இதை நேராகச் சொன்னார். 1984-இல் வந்த 'காதலன்' நாவல் அவருடைய சிதைந்த முகத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் பாரீஸை ஒட்டிய ஒரு மருத்துவமனையில் குடியை நிறுத்தச் சிகிச்சை எடுத்துக்கொண்டார். குடிக்க ஆரம்பிப்பதற்கு முன்பே, சிறு பெண்ணாக இருந்தபோதே, குடியின் முகம் தனக்கு வந்துவிட்டது, மது பின்னால் வந்து அதை ஊர்ஜிதம் செய்தது என்கிற பொருளில் எழுதுகிறார். மருத்துவப்படி இதற்கு அர்த்தமில்லை. ஆனால் அவர் பேசுவது தன் முகத்தைப் பற்றி. அதைப் பார்த்துக்கொண்டு, விலையைக் கொடுத்துக்கொண்டு பேசுகிறார். அந்த உரிமை அவருக்கு உண்டு. நாங்கள் பேசியது இன்னொருவர் முகத்தைப் பற்றி, பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால்.

அந்தக் கவிஞருக்கு மனைவி உண்டு. கூட்டத்துக்கு வந்திருந்தார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. இரண்டு புகைப்படங்களும் துல்லியமாக ஞாபகம் இருக்கின்றன.

எனக்கு 36 வயது. குடிக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் என்று ஆரம்பித்தது. இப்போது எத்தனை நாள் என்று என் வீட்டில் கேட்டால் சரியான எண்ணிக்கை கிடைக்கும். நான் சொல்லுகிற எண்ணிக்கை வேறு. 2012-இல் வேலையில் சேர்ந்தபோது அடையாள அட்டைக்கு எடுத்த படத்தில் இருக்கிறவனுக்குத் தாடை எலும்பு தெரிகிறது. திங்கட்கிழமைக் காலைகளில் எனக்குக் கண்ணுக்குக் கீழே நீர் கோத்துக்கொள்கிறது. பதினொரு மணிக்குள் வடிந்துவிடும் என்பதால் அந்த நேரம்வரை மேனேஜர் அறைக்குப் போகாமல் பார்த்துக்கொள்கிறேன். இது சிதைவு ஒன்றுமில்லை. இன்னும் நான் அளவாகக் குடிக்கிறவர்களின் பத்தியில்தான் இருக்கிறேன், டென்மார்க்காரர்கள் கணக்குப்படி.

போன மாதம் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பம் போட நானும் மனைவியும் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்கக் கடைவீதி ஸ்டுடியோவுக்குப் போனோம். அவள் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தாள், கையில் திருத்த வேண்டிய தாள்கட்டு. என்னைவிட மூன்று வயது இளையவள். ஸ்டுடியோப் பையனுக்கு இருபது, இருபத்திரண்டு இருக்கும். எடுத்து முடித்துக் கணினியில் என் முகத்தைப் பெரிதாக்கினான். 'கண்ணுக்குக் கீழே கொஞ்சம் சரி பண்ணிடவா சார்? எல்லாருக்கும் பண்றதுதான்' என்றான். பண்ணு என்றேன். இரண்டு தடவை சொடுக்கினான். பை போய்விட்டது. தாடை ஓரத்தையும் அவனாகவே கொஞ்சம் இழுத்துவிட்டான். 2012-க்கு நெருங்கிவிட்டேன்.

அப்புறம் அவள் படத்தைத் திறந்தான். பெரிதாக்கினான். புருவத்தின் நடுவே சுட்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, என் பக்கம் திரும்பி, 'அக்காவுக்கும் எடுத்துடலாமா சார்?' என்றான்.

அவள் தாள்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். 'எனக்கு வேண்டாம்ப்பா, இருக்கட்டும்' என்றாள்.

ஆளுக்கு எட்டுப் பிரதி. உறையில் போட்டுக் கொடுத்தான். பஸ்ஸில் அவள் அதைத் திறந்து என் படத்தை எடுத்துச் சற்று நேரம் பார்த்தாள். உள்ளே வைத்து மூடினாள்.